அத்தியாயம் 6: தவறுதலாக ஃபார்மட் ஆகிவிட்டால்

பத்தாங் காலியிலோ ரவாங்கிலோ கணினிக் கடைக்குப் போய், "அண்ணே, லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது, ஒரு ஃபார்மட் போட்டுக் கொடுங்க" என்று கேட்பது நம் பக்கத்தில் வழக்கமான காரியம். "உள்ள ஏதும் வேணுமா தம்பி?" என்று கடைக்காரர் கேட்பார். "ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும், மூன்று வருடப் பாடத்திட்டக் கோப்புகளும் அதில்தான் இருந்தன என்பது மறுநாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கடையில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்றில்லை. படம் பார்க்கலாம் என்று ஹார்ட் டிஸ்க்கை டிவியில் செருகினால், ரெக்கார்டிங் வசதிக்காக "இந்தச் சாதனத்தை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று டிவி கேட்கும். வீட்டில் யாராவது ரிமோட்டில் ஓகே அழுத்திவிடுவார்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒரே நேரத்தில் செருகியிருக்கும்போது ஈ டிரைவுக்குப் பதில் எஃப் டிரைவை ஃபார்மட் செய்வது இன்னொரு வகை. பழைய பென்டிரைவைச் செருகியதும் "பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் சொல்ல, அதை நம்பி அழுத்துவது மூன்றாவது வகை.

உலு யாம், செரண்டா, புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் இந்த இழப்பு கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் தாமான் வந்துவிட்டது. இடிக்கப்பட்ட லயத்தையும், இடம் மாறிய கோயிலையும், பழைய தோட்டப் பள்ளியையும் இனிப் போய்ப் படம் எடுக்க முடியாது. அந்தப் படங்கள் யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கில், பெரும்பாலும் ஒரே ஒரு பிரதியாக இருக்கும்.

ஃபார்மட்டில் தப்பிய கோப்புகள் அதற்கடுத்த அரை மணி நேரப் பதற்றத்தில்தான் பெரும்பாலும் அழிகின்றன. ஆகையால் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். எந்த மென்பொருள் என்பது இரண்டாம் பட்சம்.

உடனே செய்ய வேண்டியவை

1. நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்க வேண்டாம், காப்பி செய்ய வேண்டாம், நிறுவவும் வேண்டாம். "சும்மா ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கிறேன், வேலை செய்கிறதா என்று" என்பதும் கூடாது.

2. வெளி ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் என்றால் முறைப்படி 'எஜெக்ட்' செய்து கழற்றுங்கள். கேமரா கார்டு என்றால் கேமராவை அணைத்துவிட்டு எடுங்கள். பெரிய எஸ்டி கார்டுகளின் ஓரத்தில் ஒரு சிறு பூட்டுத் தாழ் இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு கணினி பொதுவாக அதில் எழுதாது.

3. லேப்டாப்பின் உள் டிஸ்க்தான் ஃபார்மட் ஆனது என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பின்னணியில் அப்டேட் இறக்கும், பதிவுகள் எழுதும். மீட்பு வேலையை வேறொரு கணினியில்தான் செய்யப்போகிறோம்.

4. ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எந்த டிஸ்க், எத்தனை ஜிபி, எப்போது ஃபார்மட் ஆனது, அது முடிய எவ்வளவு நேரம் எடுத்தது, அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள். பிறகு கடைக்குப் போக வேண்டி வந்தால், தொழில்நுட்பர் கேட்கும் முதல் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும்.

5. டிஸ்க்கின் மேல் ஒரு டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதுங்கள். சிரிக்காதீர்கள். மீட்பு பாதியில் இருக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் அதில் கேம் இறக்கிவிடுவதுண்டு.

மீளுமா, மீளாதா?

விரைவு ஃபார்மட்டில் டிஸ்க்கின் அட்டவணை மட்டும்தான் புதிதாக எழுதப்படுகிறது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் செக்ரோல் புத்தகம் தொலைந்துபோனாலும் ஆட்கள் அவரவர் லயத்து வீட்டில்தான் இருப்பார்கள். புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட முடியாது, வீடு வீடாகப் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வீட்டில் புது ஆள் குடியேறிவிட்டால் பழையவர் அங்கே இல்லை. இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு கொள்கை போதும்.

இனி உங்கள் நிலை எது என்று பாருங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க், விரைவு ஃபார்மட்: நல்ல வாய்ப்பு. விண்டோஸின் ஃபார்மட் பெட்டியில் 'குவிக் ஃபார்மட்' என்பதில் டிக் ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கும் என்பதால் தவறுதலான ஃபார்மட்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சில விநாடிகளில் முடிந்திருந்தால் அது விரைவு ஃபார்மட்.

சுழலும் ஹார்ட் டிஸ்க், முழு ஃபார்மட்: விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடுகிறது. மணிக்கணக்கில் ஓடி முடிந்திருந்தால் அதில் மீட்க ஒன்றுமில்லை. எந்தக் கடையிலும் இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டிருந்தால் மீதிப் பகுதியில் தேடலாம்.

எஸ்எஸ்டி: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 7 முதல் கணினி எஸ்எஸ்டி-யிடம் 'இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை' என்று சொல்லும் 'டிரிம்' கட்டளை இருக்கிறது. லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி-யை விரைவு ஃபார்மட் செய்தாலும் அந்தக் கட்டளை போய்விடும். பிறகு படித்தால் வெறும் பூச்சியம்தான் வரும். யுஎஸ்பி வழியாகச் செருகும் எஸ்எஸ்டி-யில் சில சமயம் அந்தக் கட்டளை போய்ச் சேராது என்பதால் முயன்று பார்க்கலாம். சில புதிய ஹார்ட் டிஸ்க் வகைகளிலும் டிரிம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பென்டிரைவ், எஸ்டி கார்டு: பெரும்பாலும் நல்ல வாய்ப்பு.

பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க்: ஃபார்மட்டில் சாவி இருந்த பகுதியும் போயிருக்கும் என்பதால் வீட்டில் முயல்வது வீண்.

தேடுவதற்கு முன் விசாரியுங்கள்

மீட்பு மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே பாதிக் கோப்புகள் வேறெங்காவது கிடைத்துவிடலாம். இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள்.

கடையில் விண்டோஸை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு கோப்புறை இருக்கலாம். பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அதனுள்ளே அப்படியே இருக்கும். விண்டோஸ் அதைச் சுமார் 10 நாளில் தானே நீக்கிவிடும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். டி டிரைவ் என்று தனிப் பகுதி இருந்ததா? கடைக்காரர்கள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. கடைக்காரரையே கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்காமலேயே ஒரு பேக்கப் எடுத்துச் சில நாள் வைத்திருக்கும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் 2020-ல் வந்த டெலிமா கணக்கின் கூகுள் டிரைவைத் திறந்து பாருங்கள். பாடத்திட்டம், தேர்வுத்தாள், பதிவேடு என்று நீங்கள் மறந்தே போன பிரதிகள் அங்கே இருக்கலாம். தலைமையாசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல், சக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு, பள்ளி அலுவலகக் கணினி ஆகியவற்றையும் விடாதீர்கள்.

கல்யாணப் படம் என்றால் படம் எடுத்தவரிடம் கேளுங்கள். கோயில் திருவிழா, தீமிதி என்றால் நிர்வாகக் குழுவின் செயலாளரிடம் கேளுங்கள். கிள்ளானுக்கோ காஜாங்குக்கோ குடிபோன சித்தி வீட்டில் அதே ஆல்பத்தின் சிடி இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படம் தரத்தில் குறைந்ததுதான். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

தேவையான பொருள்கள்

நன்றாக ஓடும் ஒரு கணினி, உங்களுடையதோ நண்பருடையதோ. ஃபார்மட் ஆன டிஸ்க்கைவிடப் பெரிய, காலி இடமுள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அதை யுஎஸ்பி-யில் செருக ஒரு 'சாட்டா' அடாப்டர். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் அடாப்டர் வரிசை வரிசையாகத் தொங்கும். பத்தாங் காலியிலிருந்து கேடிஎம் கொமுட்டர் பிடித்தால் போய்வர ஒரு நாள். அதற்குள் மனமும் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

இந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்தான் இந்த வேலையின் உண்மையான செலவு. மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கத் தேவையில்லை. இலவசம் என்று சொல்லி இறக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேன் முடிந்ததும் "மீட்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள்" என்று கேட்கும் மென்பொருள்கள் நிறைய. அவற்றின் 'கிராக்' பதிப்பைத் தேடிப் போகிறவர்கள் வைரஸையும் சேர்த்து இறக்கிக்கொள்கிறார்கள்.

நாம் பயன்படுத்தப் போவது இரண்டு. ஒன்று டிஎம்டிஇ. இதன் இலவசப் பதிப்பு ஒரு தடவைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4,000 கோப்புகள் வரை மீட்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். மற்றொன்று கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக். முழுக்க இலவசம், திறந்த மூலம். பெயரைப் பார்த்து இது படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஆவணம், ஒலி, காணொளி என்று நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை மீட்கும்.

படி ஒன்று: டிஸ்க்கை நகலெடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. நேரடியாக அந்த டிஸ்க்கிலேயே தேடினால் என்ன என்று தோன்றும். தேடும்போது டிஸ்க் பழுதானாலோ, நீங்கள் ஒரு தவறு செய்தாலோ திரும்பிப் போக வழியில்லை. நகலில் எத்தனை தவறு செய்தாலும் அசல் அப்படியே இருக்கும்.

1. நகல் வைக்கும் டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வகையில் இருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, நகல் பாதியில் நிற்கும்.

2. ஃபார்மட் ஆன டிஸ்க்கைச் செருகுங்கள். "ஃபார்மட் செய்யட்டுமா?", "இனிஷியலைஸ் செய்யட்டுமா?", "பிழை திருத்தட்டுமா?" என்று விண்டோஸ் எது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கேன்சல்.

3. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், அந்த டிஸ்க்கின் மேல் வலது சொடுக்கு செய்து, டிரைவ் எழுத்தை நீக்கிவிடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் அதில் தாமாக எதுவும் எழுதுவது குறையும், மீட்பு மென்பொருளுக்கோ அது தெரியும். கவனம்: அதே மெனுவில் 'ஃபார்மட்', 'டெலீட் வால்யூம்' ஆகியவையும் இருக்கின்றன. அவசரமாகச் சொடுக்காதீர்கள்.

4. டிஎம்டிஇ-யைத் திறந்து, முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். டிரைவ் எழுத்து வேண்டாம், 'ஃபிசிக்கல் டிவைஸ்' என்பதுதான் வேண்டும். எத்தனை ஜிபி என்பதைப் பார்த்து, சரியான டிஸ்க்தானா என்று இரண்டு தடவை உறுதிசெய்யுங்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'காப்பி செக்டார்ஸ்' என்பதில், மூலம் ஃபார்மட் ஆன டிஸ்க், சேருமிடம் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு கோப்பு என்று கொடுங்கள். மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. ஓகே அழுத்தும் முன் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

5. காத்திருங்கள். 1 டிபி டிஸ்க் யுஎஸ்பி 3-ல் சுமார் மூன்று மணி நேரம் எடுக்கும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் எட்டு மணி நேரம் ஆகலாம். டிஸ்க்கில் பாதிதான் கோப்பு இருந்தது என்றாலும் முழு 1 டிபியும் நகலாகும்.

பாதுகாப்பு: உலு யாம் மலையடிவாரம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை எந்த நாளும் வரலாம். மின்சாரம் ஒரு விநாடி வெட்டினாலும் நகல் கெடும், இடி இறங்கினால் டிஸ்க்கே போகும். இந்த வேலையை இரவு மழை ஓய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப் சிறந்தது, மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம். 'ஸ்லீப்' அமைப்பை அணைத்துவிடுங்கள். லேப்டாப் தூங்கப் போனால் டிஸ்க்கும் துண்டிக்கப்படும். டிஸ்க்கை மெத்தைமேல் வைக்க வேண்டாம், சூடாகும். மேசைமேல், ஃபேன் காற்றுப் படும்படி வையுங்கள்.

நகல் முடிந்ததும் அசலைக் கழற்றி, உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இனி அதற்கு வேலையில்லை.

சோதனைக் குறிப்பு: நகலெடுக்கும்போது பல இடங்களில் படிப்புப் பிழை வருகிறது, வேகம் திடீரென்று படுத்துவிடுகிறது என்றால் டிஸ்க்கே நோய்ப்பட்டிருக்கிறது. அப்படியானால் விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியால் நகலெடுப்பது நல்லது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும் கருவி அது. எங்கே நிறுத்தினோம் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். இது பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள்.

படி இரண்டு: பெயரோடு, கோப்புறையோடு மீட்பது

'2014 தீமிதி', 'பாட்டி பழைய படங்கள்' என்று நீங்கள் வைத்த பெயர்கள் அப்படியே திரும்பி வர வேண்டுமானால் முதலில் இந்த வழி. பழைய டிஸ்க் என்டிஎஃப்எஸ் வகையாக இருந்தால் வாய்ப்பு அதிகம், விரைவு ஃபார்மட்டில் பழைய அட்டவணையின் பெரும்பகுதி தப்பியிருக்கும்.

1. டிஎம்டிஇ-யில் நகல் கோப்பைத் திறங்கள்.

2. பகுதிகளின் பட்டியல் வரும். ஃபார்மட்டுக்குப் பிந்தைய வெறும் பகுதியோடு, பழைய பகுதியும் தெரிந்தால் அதைத் திறந்து பாருங்கள். தெரியாவிட்டால் 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள்.

3. ஸ்கேன் முடிந்ததும் கண்டுபிடித்த கோப்பு அமைப்புகள் தரவரிசையோடு வரும். டிவி ஃபார்மட் செய்திருந்தால் டிவியின் அமைப்பும் பட்டியலில் இருக்கும், அது வேண்டாம். உங்கள் பழைய டிஸ்க்கின் அளவோடு பொருந்தும் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் பகுதியைத் திறங்கள்.

4. உடனே எல்லாவற்றையும் மீட்க வேண்டாம். மூன்று நான்கு படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மீட்டு, திறந்து பாருங்கள். பெயர் வந்து உள்ளே குப்பை என்றால் தவறான பகுதியைத் திறந்திருக்கிறீர்கள். திரும்பிப் போய் அடுத்ததைப் பாருங்கள்.

5. சரியாக வந்தால், கோப்புறை கோப்புறையாகத் தேர்ந்தெடுத்து இரண்டாவது டிஸ்க்கில் சேமியுங்கள். பணம் கொடுத்தும் வாங்க முடியாதவற்றை முதலில் எடுங்கள். இறக்கிய சினிமா படங்கள் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

படி மூன்று: ஃபோட்டோரெக்

அட்டவணை எதுவுமே தப்பவில்லை என்றால், அல்லது படி இரண்டில் பாதிதான் கிடைத்தது என்றால் இதற்கு வாருங்கள். இது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தை வைத்து டிஸ்க்கைத் துழாவி எடுக்கும். அதனால் பெயரும் கோப்புறையும் வராது, உள்ளடக்கம் மட்டும் வரும். இதன் சாளர வடிவம் கியூஃபோட்டோரெக். அதையே பயன்படுத்துங்கள், கறுப்புத் திரை வடிவம் தேவையில்லை.

1. மேலே உள்ள பட்டியலில் 'ஆட் எ ரா டிஸ்க் இமேஜ்' வழியாக உங்கள் நகல் கோப்பைச் சேருங்கள்.

2. எந்தப் பகுதி என்று கேட்கும். பகுதி அமைப்பும் மாறியிருக்கலாம் என்பதால் 'ஹோல் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. விண்டோஸ், கேமரா டிஸ்க்குகளுக்கு 'ஃபேட், என்டிஎஃப்எஸ்' வகையைத் தேர்ந்தெடுங்கள். காலி இடத்தில் மட்டும் தேடட்டுமா, முழுவதுமா என்ற கேள்விக்கு 'ஹோல்' என்று கொடுங்கள்.

4. 'ஃபைல் ஃபார்மட்ஸ்' என்பதைச் சொடுக்கி, 'ரீசெட்' கொடுத்து எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் விண்டோஸின் உள் கோப்புகள் பல்லாயிரம் வந்து குவியும். படத்துக்கு 'ஜேபிஜி'. காணொளிக்கு 'எம்ஓவி', எம்பி4 கோப்புகள் இதற்குள்தான் வரும். கேமராவின் ரா படங்கள் பலவற்றுக்கு 'டிஃப்'. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது: 2007-க்குப் பிந்தைய வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் கோப்புகள் 'ஜிப்' என்ற தலைப்பின்கீழ் இருக்கின்றன. 'டாக்' மட்டும் போட்டால் பழைய வேர்ட் கோப்புகள்தான் வரும், பாடத்திட்டம் ஒன்றும் வராது.

5. சேமிக்கும் இடத்தை இரண்டாவது டிஸ்க்கில் புதிய கோப்புறையாகக் கொடுத்து 'சர்ச்' அழுத்துங்கள். ஒரு டெராபைட்டுக்குப் பல மணி நேரம் ஓடும்.

குப்பையைப் பிரிப்பது

மீட்பு முடிந்தது என்று நினைக்கும்போதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை ஆரம்பிக்கும். ஃபோட்டோரெக் 500 கோப்புகளுக்கு ஒரு கோப்புறை வீதம் பிரித்து, எண்களையே பெயராக வைத்துக் கொட்டியிருக்கும்.

முதலில் அளவு வாரியாக அடுக்குங்கள். 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் சின்னப் படங்கள் வெறும் முன்னோட்டப் படங்கள், அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள். பெரிய படம் கெட்டுப்போன இடத்தில் இந்தச் சின்னப் படம் ஒன்றாவது மிஞ்சும். அடுத்து, படம் எடுத்த தேதி வாரியாக அடுக்குங்கள். கேமராவும் கைப்பேசியும் தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் என்பதால் பெயர் போனாலும் அது போகாது. கையால் செய்ய முடியாத அளவு இருந்தால் ஃபில் ஹார்வேயின் எக்ஸிஃப்டூல் தேதியையே கோப்பின் பெயராக மாற்றித் தரும். ஸ்கேன் செய்த பழைய ஆல்பப் படங்களில் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். "இது நம்ம மூணாம் லயத்துப் பொன்னம்மா கல்யாணம்" என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பெயரை எழுதிக்கொண்டே போகலாம்.

பாதி சாம்பல் நிறமாகத் திறக்கும் படங்கள் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டவை. அவற்றில் இரண்டாம் பாதி வேறெங்கோ கிடக்கிறது. நீளமான காணொளிகளில் இந்தத் தொல்லை அதிகம். திறக்காத எம்பி4-க்கு 'அன்டிரங்க்' என்ற இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்றைக் கொடுத்தால் அதை மாதிரியாக வைத்துக் கெட்டதைச் சரிசெய்ய முயலும். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் ஒவ்வொரு கேமராவிலும் எடுத்த ஒரு குட்டிக் காணொளியை இதற்காகவே சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மீட்பு மென்பொருளை ஃபார்மட் ஆன டிஸ்க்கிலேயே நிறுவுவது. மீட்ட கோப்புகளை அதே டிஸ்க்கில் சேமிப்பது. இந்த இரண்டும்தான் முதலிடத்துக்குப் போட்டி போடுகின்றன, இரண்டாவது இன்னும் கொடியது. மீட்ட ஒவ்வொரு கோப்பும் இன்னும் மீட்காத ஒன்றின்மேல் விழுகிறது.

'செக்டிஸ்க்' ஓட்டுவது. அது கோப்பு அமைப்பைச் சீர்செய்யும் கருவி. அதன் கண்ணில் உங்கள் பழைய கோப்புகள் பிழைகள்தான். சீராக்குகிறேன் என்று துடைத்துவிடும்.

"ஒரு தடவை ஃபார்மட் சரியாக ஆகவில்லை போல, இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்று முழு ஃபார்மட் போடுவது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எப்போது நிறுத்திவிட்டுக் கடைக்குப் போவது

டிக், டிக் என்று சீராகத் தட்டும் சத்தம் அல்லது உரசும் சத்தம் கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தை எடுங்கள். மென்பொருளால் தீராத கோளாறு அது. ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பரப்பு சுரண்டப்படலாம். ஃப்ரீசரில் வைப்பது, அரிசியில் புதைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். நம் ஈரக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கினுள் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கும் இதே விதிதான். மின்சாரம் கொடுக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள்.

சாதாரணக் கணினிக் கடையும் தரவு மீட்பு நிறுவனமும் ஒன்றல்ல. சாதாரணக் கடையில் பெரும்பாலும் நீங்கள் மேலே படித்த அதே வேலையைத்தான் செய்வார்கள். தூசியற்ற அறையும் உதிரித் தலைகளும் வைத்திருக்கிறவர்களிடம்தான் தட்டும் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் கேளுங்கள்:

1. பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா? மீளாவிட்டால் எவ்வளவு?
2. முதலில் நகலெடுப்பீர்களா, அசலிலேயே வேலை செய்வீர்களா?
3. மீண்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன் காட்டுவீர்களா?
4. வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள பிரதியை எப்போது அழிப்பீர்கள்?

கடைசிக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். 2008-ல் ஹாங்காங்கில் ஒரு பிரபல நடிகரின் அந்தரங்கப் படங்கள் வெளியே பரவியது, அவர் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்துதான். அந்தக் கடைத் தொழில்நுட்பர் மறு வருடம் சிறைக்குப் போனார். படங்கள் திரும்பி வரவில்லை.

அடுத்த தடவை ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன்

2006 ஜூலையில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையில் ஒரு கணினி ஊழியர், மக்களுக்கு எண்ணெய் வருமானத்தில் பங்கு கொடுக்கும் கணக்கின் கோப்புகள் இருந்த டிஸ்க்கைத் தவறுதலாக ஃபார்மட் செய்தார். கூடவே பேக்கப் டிஸ்க்கையும் ஃபார்மட் செய்துவிட்டார். மூன்றாவது காப்பாக இருந்த காந்த நாடாவைப் போட்டுப் பார்த்தால் படிக்க முடியவில்லை. சுமார் 8 லட்சம் படிமங்கள் போயின. அசல் காகிதங்கள் 300-க்கும் மேற்பட்ட அட்டைப் பெட்டிகளில் இருந்ததால் எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்தார்கள், செலவு 2 லட்சம் டாலருக்கு மேல்.

இதில் நமக்கு மூன்று காரியம் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கை அதே கணினியில் எப்போதும் செருகி வைக்காதீர்கள், ஃபார்மட் செய்யும் நேரத்தில் மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றுங்கள். பேக்கப்பை வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து படித்துப் பாருங்கள், தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் வாரத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. ஸ்கேன் செய்தாயிற்றே என்று பழைய ஆல்பத்தையும் கோயில் கணக்குப் புத்தகத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கோயில் நிர்வாகம் மாறும்போது இது அடிக்கடி நடக்கிறது.

கடையில் கொடுக்கும்போது, "சி டிரைவ் மட்டும்" என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப்பில் ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது கடைப் பையன் மாறினால் மறந்துபோகும்.

அசல் டிஸ்க்கை எப்போது மீண்டும் பயன்படுத்தலாம்

மீட்ட கோப்புகளை இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி வைத்த பிறகு, வீட்டில் எல்லோரும் அவரவர் தேடுவது கிடைத்ததா என்று பார்த்த பிறகு. அவசரம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து, "என் எஸ்பிஎம் சான்றிதழ் ஸ்கேன் அதில்தானே இருந்தது?" என்று யாராவது கேட்பார்கள். நகல் கோப்பையும் அதுவரை வைத்திருங்கள். டிஸ்க்கில் படிப்புப் பிழை வந்திருந்தால் அதை மறுபடி எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.